கம்ப்யூட்டருக்கு வேகம் கூட்டலாமா, கூடாதா?



கொஞ்ச நாளாக நம்ம வகுப்பில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. ஒரு கட்சி, "ஓவர்க்ளாக் பண்ணுடா, பழைய பெட்டி புதுசு மாதிரி பறக்கும்" என்கிறது. இன்னொரு கட்சி, "கையை வைக்காதே, புகைஞ்சு போயிரும், வீட்டுல யார் பதில் சொல்றது?" என்கிறது. இரண்டு பக்கமும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் ஸ்குரூ டிரைவரைத் தொடக்கூடாது, யாரும் யாரையும் பயமுறுத்தவும் கூடாது என்பது என் கருத்து. மறுப்பு உள்ளவர்கள் அடுத்த தாளில் எழுதலாம். சண்டை வேண்டாம்!

ஓவர்க்ளாக்கிங் என்றால் என்ன?

பிராசசருக்குள் ஒரு துடிப்பு ஓடிக்கொண்டே இருக்கும். 3 கிகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு விநாடிக்கு 300 கோடித் துடிப்பு. மதர்போர்டு தரும் அடிப்படைத் துடிப்பு பெரும்பாலும் 100 மெகாஹெர்ட்ஸ். அதை ஒரு எண்ணால் பெருக்கித்தான் பிராசசர் தன் வேகத்தைப் பெறுகிறது. 100ஐ 32ஆல் பெருக்கினால் 3.2 கிகாஹெர்ட்ஸ். அந்தப் பெருக்கும் எண்ணையோ, அடிப்படைத் துடிப்பையோ கம்பெனி சொன்ன அளவுக்கு மேல் ஏற்றுவதுதான் ஓவர்க்ளாக்கிங்.

"கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா நமக்குத் தெரியும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கம்பெனி ஒரே மாதிரி சில்லுகளைச் செய்து, சோதித்து, தரம் பிரித்து, வெவ்வேறு வேகத்தில் வெவ்வேறு விலைக்கு விற்கிறது. எந்த ஊரிலும், எந்த வெயிலிலும் ஓட வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் வேகத்தைக் கையிருப்பாக விட்டுவைக்கிறது. அந்தக் கையிருப்பைத்தான் ஓவர்க்ளாக் செய்கிறவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

1998இல் வந்த இன்டெல் செலரான் 300 ஏ இதற்குப் பேர்போன உதாரணம். விலை குறைந்த பிராசசர். 66 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைத் துடிப்பை நாலரையால் பெருக்கி 300 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. மதர்போர்டில் அந்த 66ஐ 100 ஆக்கியவுடன் 450 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. ஒன்றரை மடங்கு! காசு இல்லாதவர்களும் காசு உள்ளவர்களின் வேகத்தைத் தொடலாம் என்ற ஆசை பலருக்கும் அதில்தான் பிறந்தது. 2014இல் இன்டெல்லே பென்டியம் பெயரின் 20ஆம் ஆண்டு என்று சொல்லி, பென்டியம் ஜி 3258 என்ற மலிவு பிராசசரைப் பூட்டுப் போடாமல் வெளியிட்டது. 2012இல் ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டருக்கும் 700 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1 கிகாஹெர்ட்ஸ் வரை ஏற்றிக்கொள்ள அதைச் செய்தவர்களே வழி கொடுத்தார்கள். சூடு 85 டிகிரியைத் தொட்டால் தானாக வேகம் இறங்கிவிடும் என்ற பாதுகாப்போடு!

ஆகவே ஓவர்க்ளாக்கிங் திருட்டு வேலை கிடையாது. ஆனால் கணக்குத் தெரியாமல் செய்தால் கைக்காசு போகும்.

கணக்கு என்ன சொல்கிறது?

பிராசசர் சாப்பிடும் மின்சாரம் துடிப்பு வேகத்தோடு ஒரு மடங்கும், வோல்ட்டேஜோடு இருமடியாகவும் ஏறும். வேகத்தை 10 சதவீதம் ஏற்ற, வோல்ட்டேஜையும் 10 சதவீதம் ஏற்றுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.1ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள். 1.331 வரும். 10 சதவீத வேகத்துக்கு 33 சதவீதம் அதிக மின்சாரம். அத்தனையும் சூடாகத்தான் வெளியே வரும்.

கிடைக்கும் லாபம் எவ்வளவு? 10 நிமிடம் பிடிக்கும் வேலை 9 நிமிடம் 5 விநாடியில் முடியும். அதுவும் அந்த வேலை முழுக்க முழுக்க பிராசசரை நம்பியிருந்தால்! வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் மயிலிறகு ஏற்றிய வண்டியைச் சொல்லியிருக்கிறாரே, மனப்பாடப் பகுதியில் எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். 55 விநாடிக்காக அச்சை முறித்துக்கொள்ளலாமா என்று ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டும்.

வோல்ட்டேஜ் விஷயத்தில் பெரிய கம்பெனியே தடுமாறியது. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் பல நிலையில்லாமல் நின்று நின்று போயின. தேவைக்கு மேல் வோல்ட்டேஜ் போனதே காரணம் என்று 2024இல் அந்தக் கம்பெனியே சொல்லி, திருத்தம் வெளியிட்டு, வாரண்டியையும் 2 ஆண்டு நீட்டித்தது. அவர்களுக்கே அந்த நிலைமை என்றால், பயாஸில் கண்ணை மூடிக்கொண்டு வோல்ட்டேஜ் ஏற்றும் நாம் எம்மாத்திரம்?

நம்ம ஊர் வெயிலை மறக்காதீர்கள்!

ஓவர்க்ளாக்கிங் பற்றிய குறிப்புகளைப் பெரும்பாலும் குளிர்ந்த ஊர்க்காரர்களும், ஏ.சி. அறைக்காரர்களும் எழுதுகிறார்கள். அவர்கள் அறை 20 டிகிரி. சித்திரை மாதம் மதியம் 2 மணிக்கு நம் வீட்டு ஓட்டுச் சாய்ப்பில் 37 டிகிரி. ஃபேன் வைத்த ஹீட் சிங்க் காற்றால்தான் சூட்டைத் தணிக்கிறது. அறைக் காற்று எவ்வளவு சூடோ, அதற்கு மேல்தான் பிராசசர் சூடு நிற்கும். ஒரு பிராசசர் முழு வேலையில் அறையை விட 45 டிகிரி அதிகமாக ஏறுகிறது என்றால், அவர்கள் ஊரில் 65, நம்ம ஊரில் 82! அதே பெட்டி, அதே செட்டிங். அவர்களுக்குப் பத்திரம், நமக்கு ஆபத்து.

மார்கழிக் காலையில் சோதித்துவிட்டு "ஸ்டெடியா ஓடுதுடா" என்று மார்தட்டுகிறவன், அக்னி நட்சத்திரத்தில் அழுவான். நான் சொல்வது ஒன்றுதான். நம்ம பக்கம் ஓவர்க்ளாக் செய்கிறவர் சோதனையைச் சித்திரை வெயிலில், மதியத்தில், அதே அறையில் செய்ய வேண்டும். அதில் தேறினால் மற்ற மாதமெல்லாம் தேறும்.

சூடு பிராசசரோடு நிற்காது. மதர்போர்டில் சின்னச் சின்ன உருளையாக நிற்கும் மின்தேக்கிகளுக்குள் மின்பகுளி இருக்கிறது. 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் கைக்கொள்ளும் கணக்கு. வேதியியல் பாடத்தில் மின்பகுளியை மார்க்குக்காகப் படிக்கிறோம். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்துக் காரைக்குடியிலேயே இருக்கிறது. மின்வேதியியலுக்கென்றே ஒரு நிலையம் பஸ் ஏறினால் வந்துவிடும் தூரத்தில் இருக்கும்போது, நாம் மின்தேக்கி உப்பிப் போனதைப் பார்த்தும் காரணம் கேட்காமல் இருந்தால் எப்படி?

முதல் ஓவர்க்ளாக்கிங் தூரிகையால்!

இதைப் படித்துச் சிலர் சிரிக்கலாம். ஆனால் விஷயம் உண்மை. 2008க்குப் பிறகு வந்த பல பிராசசர்கள், சூடு குறைவாக இருந்தால் தாமாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்கின்றன. டர்போ என்று பெயர். சூடு ஏறி 95, 100 டிகிரி பக்கம் போனால் தாமாகவே வேகத்தைக் குறைத்தும் கொள்கின்றன. அப்படியானால் தூசி அடைத்த பெட்டி, கம்பெனி கொடுத்த வேகத்தில்கூட ஓடாது. அதைச் சுத்தம் செய்தாலே இழந்த வேகம் திரும்பி வரும். செலவு ஒரு பெயிண்ட் பிரஷ்!

நம்ம ஊரில் செம்மண் புழுதி ஒரு பக்கம், கல் பட்டறைகளின் சிமெண்ட் தூசி ஒரு பக்கம். ஹீட் சிங்கின் இடுக்குகளில் கம்பளி மாதிரி படிந்துவிடும். சுத்தம் செய்ய இதுதான் முறை. பிளக்கைப் பிடுங்க வேண்டும், சுவிட்சை ஆஃப் செய்தால் மட்டும் போதாது. பெட்டியின் இரும்பை ஒருமுறை தொட்டுக் கையில் உள்ள நிலைமின்சாரத்தைப் போக்க வேண்டும். காய்ந்த மென்மையான பிரஷ் போதும், ஈரத்துணி கூடவே கூடாது. காற்று அடித்தால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், அதைப் பம்பரமாகச் சுழல விடக்கூடாது. பல வருடம் ஆன பெட்டி என்றால் பிராசசருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் உள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கும். பழசைத் துடைத்துவிட்டு ஒரு பட்டாணி அளவு புதுசு வைத்தால் போதும். வெண்ணெய் மாதிரி அப்ப வேண்டாம்.

இரண்டாவது, பெட்டி மெதுவாக இருப்பதற்குப் பல வீடுகளில் பிராசசர் காரணமே இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க்தான் காரணம். நிமிடத்துக்கு 7200 சுற்றுச் சுற்றும் தட்டு, கேட்ட இடம் ஊசிக்கு அடியில் வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். அது 4 மில்லி விநாடிக்குச் சற்று அதிகம். அந்த நேரத்தில் 3 கிகாஹெர்ட்ஸ் பிராசசர் சுமார் ஒன்றேகால் கோடித் துடிப்பைச் சும்மா கழிக்கிறது! சும்மா உட்கார்ந்திருப்பவனை இன்னும் வேகமாகச் சும்மா உட்கார வைத்து என்ன பயன்? எஸ்.எஸ்.டி. ஒன்று மாட்டினால் அந்தச் சுற்றே இல்லை. ரேம் போதாமல் திணறும் பெட்டிக்கு இன்னொரு ரேம். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத பெட்டிகளில் ஒரே அளவில் இரண்டு ரேம் போட்டால் விளையாட்டுக்கும் நல்ல வித்தியாசம் தெரியும்.

அண்ணன், அக்காமார்களுக்கு 2011இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் கிடைத்த மடிக்கணினிகள் பல வீட்டுப் பரணில் தூங்குகின்றன. மடிக்கணினியை ஓவர்க்ளாக் செய்ய நினைக்கவே வேண்டாம். சின்ன ஃபேன், ஒல்லியான உடம்பு, தாங்காது. அதற்கும் எஸ்.எஸ்.டி.யும் ரேமும்தான் மருந்து. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய பெட்டிகள் பலவற்றுக்கு விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. லினக்ஸ் ஏறும், காசும் கிடையாது. பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன்னால் இதையெல்லாம் ஒருமுறை செய்து பார்க்கலாமே!

அதற்கு மேலும் ஆசை இருந்தால்...

இத்தனையும் செய்த பிறகும், கற்றுக்கொள்ளும் ஆசையில் ஓவர்க்ளாக் செய்கிறேன் என்பவருக்கு நான் கை கொடுப்பேன். ஆனால் கீழே உள்ள வரிசை மாறக்கூடாது.

1. உங்கள் பெட்டிக்கு அது முடியுமா என்று முதலில் பாருங்கள். 2011 முதல் இன்டெல்லில் பெயர் கடைசியில் 'கே' என்று வரும் பிராசசர்களும், அதற்கேற்ற மதர்போர்டும் இருந்தால்தான் பெரும்பாலும் பெருக்கும் எண் ஏறும். சாதாரண பெட்டிகளில் பூட்டு. "அடிப்படைத் துடிப்பை ஏற்றுகிறேன்" என்று போனால், பல பெட்டிகளில் டிஸ்க் முதலான மற்ற பாகங்களின் துடிப்பும் சேர்ந்து ஏறி எல்லாம் குழம்பும். ஏ.எம்.டி.யில் 2017 முதல் வந்த ரைசன் டெஸ்க்டாப் பிராசசர்களில் பெரும்பாலானவை திறந்தவை. மலிவான ரைசன் 3 2200 ஜி, அத்லான் 3000 ஜி எல்லாம் இதில் சேரும். மதர்போர்டு மட்டும் பி 350, பி 450 மாதிரி இருக்க வேண்டும், ஏ 320 உதவாது.

2. வாரண்டி உள்ள பெட்டியில் வேண்டாம். ஓவர்க்ளாக்கால் வந்த சேதத்துக்குக் கம்பெனி பொறுப்பேற்காது.

3. போட்டோ, பிராஜெக்ட், அப்பா கணக்கு, எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுத்துவையுங்கள். வேகம் தாங்காத பெட்டி உடனே நின்றுவிட்டால் அது நல்ல காலம். நிற்காமல் ஓடிக்கொண்டே ஃபைல்களைச் சத்தமில்லாமல் கெடுத்தால்தான் கெட்ட காலம்.

4. எஸ்.எம்.பி.எஸ். எப்படி என்று பாருங்கள். பெயர் தெரியாத மலிவுப் பெட்டியில் 450 வாட் என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். லேபிளில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று படியுங்கள். நம் பக்கம் கோடையில் வோல்ட்டேஜ் ஏறி இறங்கும், யு.பி.எஸ். அவசியம். எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். 230 வோல்ட் உள்ளே போய் சுமார் 325 வோல்ட் நேர்மின்சாரமாக நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது உயிரோடு இருக்கும்.

5. ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, நேரம், அறைச் சூடு, வேகம், பிராசசர் சூடு. எழுதாதது எதுவும் சோதனை ஆகாது. அறிவியல் ஆசிரியர் சொல்வது இங்கேயும் பொருந்தும்.

6. ஒருமுறைக்கு 100 மெகாஹெர்ட்ஸ், அவ்வளவுதான். வோல்ட்டேஜைத் தொடாதீர்கள். தொடாமலே கிடைப்பது மட்டும்தான் நம்மைப் போன்றவர்களுக்குப் பத்திரமான வேகம். சில போர்டுகள் நம்மைக் கேட்காமலே வோல்ட்டேஜை ஏற்றிவிடும், ஆகவே அந்த எண்ணையும் பார்த்து நோட்டில் எழுதுங்கள்.

7. ஒவ்வொரு படியிலும் சோதனை. ரேமுக்கு மெம்டெஸ்ட், பிராசசருக்கு பிரைம் 95. இந்தப் பிரைம் 95 என்பது மிகப் பெரிய பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்டது. விடை தெரிந்த கணக்குகளையே கொடுத்துப் பார்ப்பதால், பிராசசர் ஒரு இலக்கம் தப்பாகப் போட்டாலும் பிடித்துவிடும். கணக்கு ஆசிரியர் பக்கத்தில் நிற்பது மாதிரி! சூட்டையும் பார்த்துக்கொண்டே இருங்கள். 80 டிகிரியைத் தாண்டினால் நிறுத்துங்கள்.

8. ஒரு பிழை வந்தாலும் இரண்டு படி இறங்குங்கள். பெட்டி ஆன் ஆகவே இல்லை என்றால் பயப்பட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டில் உள்ள சி.ஆர். 2032 பேட்டரியைக் கொஞ்ச நேரம் கழற்றி மாட்டினால் பெரும்பாலும் பழைய செட்டிங் வந்துவிடும்.

பொறுமை இல்லாதவர்களுக்கு நம்ம ஊர்க் கல்லையே காட்டலாம். கண்ணாடி மேல் அச்சு வைத்து, வர்ணக் கலவை ஊற்றி, சிமெண்ட் மணல் போட்டு, பிறகு நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப் போடுகிறார்கள். பூ வேலைப்பாடு முதல் நாளே தெரிந்துவிடும். ஆனாலும் ஊறி முடியாத கல்லைத் தரையில் பதிக்க எந்தப் பட்டறைக்காரரும் சம்மதிக்க மாட்டார். 4 கிகாஹெர்ட்ஸ் என்று திரையில் தெரிவதும் அந்தப் பூ மாதிரிதான். இன்னும் ஊற வேண்டும்.

எங்கே கூடவே கூடாது?

பள்ளி லேபில் கூடாது. அது பொதுச் சொத்து. ஒரு பெட்டி நின்றால் ஒரு வகுப்பு முழுக்க இருவர், மூவராக நெருக்கி உட்கார வேண்டும். ஜெராக்ஸ் கடை, பிரவுசிங் சென்டர், கணக்கு எழுதும் இடம் என்று யாருக்காவது சோறு போடும் பெட்டியிலும் கூடாது. ஒரு வீட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதில்தான் தங்கச்சி படிக்கிறாள் என்றால் அதுவும் சோறு போடும் பெட்டிதான். நம்ம ஆர்வத்துக்கு அடுத்தவர் பணயம் ஆகக்கூடாது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்

இவ்வளவும் எழுதியது இதற்காகத்தான். லேபில் "தொடாதே" என்று சொல்வதன் காரணம் எங்களுக்குப் புரிகிறது. ஒவ்வொரு பெட்டியும் இருப்புப் பதிவேட்டில் இருக்கிறது. ஒன்று காணாமல் போனாலும், கெட்டாலும் கையெழுத்துப் போட்ட ஆசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் எதையும் தொடாமல் கம்ப்யூட்டர் படிப்பது, தண்ணீரில் இறங்காமல் ஊருணியில் நீச்சல் படிப்பது மாதிரி. பிராசசரின் படத்தை வரைந்து பாகம் குறித்து முழு மார்க் வாங்குகிறோம். அதன் மேல் படிந்த தூசியைத் தட்டத் தெரியவில்லை என்றால் அந்த மார்க்குக்கு என்ன மரியாதை? சென்னை ஐ.ஐ.டி.யில் 'சக்தி' என்று பெயர் வைத்து பிராசசரையே வடிவமைக்கிறார்கள். அங்கே போக வேண்டியவர்களில் ஒருவராவது நம்ம பள்ளியிலிருந்து போக வேண்டாமா?

ஆகவே, பயன்பாட்டிலிருந்து முறைப்படி நீக்கிய பழைய பெட்டி ஒன்று இருந்தால், அல்லது விசேஷத்துக்கு ஊருக்கு வரும் பழைய மாணவர்கள் யாராவது தங்கள் பழைய டெஸ்க்டாப்பைக் கொடுத்தால், அதை "மாணவர் சோதனைப் பெட்டி" என்று தனியாக வையுங்கள். வாரத்தில் ஒருநாள், ஆசிரியர் முன்னிலையில், நோட்டுப் போட்டு நாங்கள் கழற்றி மாட்டுகிறோம். முதல் மாதம் தூசியும் பேஸ்ட்டும். இரண்டாவது மாதம் லினக்ஸ். மூன்றாவது மாதம், பெட்டி இடம் கொடுத்தால், 100 மெகாஹெர்ட்ஸ். கெட்டுப்போனால் ஏன் கெட்டது என்று இதே சுவரில் எழுதி ஒட்டுகிறோம். அதுவும் ஒரு பாடம்தானே!

நண்பர்களே, "பறக்கும்டா" கட்சியும் "வெடிக்கும்டா" கட்சியும் அந்த ஒரு பெட்டிக்கு முன்னால் ஒன்றாக உட்காரட்டும். யார் சொன்னது சரி என்று தெர்மாமீட்டர் சொல்லட்டும்.



– கணினி அறிவியல் பிரிவு மாணவன்